பன்னிரண்டு மணிக் கோடு

போன மாதம் அபிநயா போன் செய்தாள். மயிலாப்பூரில் நான் பதினோரு வருடம் வேலை பார்த்த டயாலிசிஸ் மையத்தில் இப்போது அவள்தான் மூத்த டெக்னீஷியன். நான் வேலையை விட்டபோது புதிதாகச் சேர்ந்திருந்தவள்.

“உமாக்கா, உங்க லிஸ்ட்ட லேமினேட் பண்ணி பேன்ட்ரி கதவுல ஒட்டிட்டோம்.”

“அது இன்னுமா இருக்கு?”

“என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? அது இல்லாம இங்க யாரும் டீ குடிக்கவே எழுந்திரிக்கறதில்ல. ‘உமாக்கா நாலாவது பாயின்ட்’னு சொல்லிட்டுத்தான் போறாங்க. புதுசா அஞ்சு பேர் வந்திருக்காங்க. வந்த ரெண்டாவது வாரமே மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்குதுங்க. அவ்ளோ டென்ஷன்லயும் உங்கள நீங்க எப்படிப் பாத்துக்கிட்டீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்.”

சரி என்றேன். அன்று மாலையே இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. மறுநாள் படித்தபோது அதில் தனலட்சுமி அக்காவின் பெயர் எங்கும் இல்லை என்று தெரிந்தது. கிழித்துப் போட்டேன். இரண்டாவது முறை எழுதியதிலும் அவர் இல்லை. இது மூன்றாவது.

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஊசி பிடிக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றவள்தான். இப்போது அடையாறில் ஒரு சிறிய நிறுவனத்தில் டயாலிசிஸ் மெஷின்களின் பராமரிப்பு அட்டவணையைப் பார்த்துக்கொள்கிறேன். மேசை, கணினி, ஜன்னல். அங்கே யாருக்கும் என் கையால் வலிக்காது.

படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிப்ளமோ முடித்தேன், ஒரு வருடம் பயிற்சி, பிறகு நேராக ஹாலுக்குள். பத்துக் கட்டில், பத்து மெஷின், நாளைக்கு மூன்று ஷிஃப்ட். ஒருவருக்கு நான்கு மணி நேரம். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரையும் இறக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு டெக்னீஷியனுக்கு நான்கு மெஷின் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சரியாக இருந்த நாட்கள் குறைவு.

இரண்டாவது வருடம் எனக்குக் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்தன. பரிசோதித்த டாக்டர் சிரித்துவிட்டார். “கிட்னி சென்டர்ல வேல பாக்கற பொண்ணுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷனா? தண்ணியே குடிக்கறதில்லையாம்மா?” குடிப்பதில்லைதான். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் மெஷின் கத்தும். அந்த வாரம் படுத்துக்கொண்டு எழுதியதுதான் அந்த லிஸ்ட். ஒன்பது வரிகள். வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு இட்லியாவது சாப்பிடு. மணிக்கு ஒரு முறை தண்ணீர் குடி, அது மூன்றாவது. டீ பத்து நிமிடம், போன் இல்லாமல், அது நான்காவது. யாராவது திட்டினாலோ கேள்வி கேட்டாலோ, பதில் சொல்லுமுன் பத்து வரை எண்ணு, அது ஆறாவது. வாரம் ஒரு நாள் கபாலீஸ்வரர் குளத்தைச் சுற்றி நட, உனக்கென்று ஒரு முழம் பூ வாங்கு. ஒன்பதாவது: அன்றைய பாரத்தை ஒரு வரியில் எழுதி நோட்டை மூடிவிடு, வீட்டுக்கு எடுத்துப் போகாதே. தினமும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போடுவேன். டிக் போடுவதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. இன்றும் உண்டு.

ஆனால் இந்த லிஸ்ட்டுக்கு முன்பே ரெஜினா சிஸ்டர் எங்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார். அதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

ரெஜினா சிஸ்டர் மையத்தின் பொறுப்பாளர். சாந்தோமிலிருந்து தினமும் நடந்தே வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பச்சை மையில்தான் எழுதுவார். அவர் எழுதியதை யாரும் அடிக்கவோ திருத்தவோ கூடாது. ஒரு மெஷினுக்கு அருகே வந்தால் முதலில் திரையைப் பார்க்க மாட்டார்; கண்ணை மூடிக்கொண்டு பம்ப் சுழலும் சத்தத்தைக் கேட்பார். பிறகு நோயாளியின் முகம். கடைசியில்தான் எண்கள்.

அவர் வைத்திருந்த விதி ஒன்று: ஹாலுக்குள் யாரும் தண்ணீர் குடிக்கக் கூடாது. நான் சேர்ந்த முதல் நாளே சொன்னார்.

“இங்க படுத்திருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணி. மாத்திர போடறதும் அதுலதான். குழம்பு, மோர் எல்லாமே அதுலதான் கணக்கு. அவங்க காதுல மடக் மடக்னு சத்தம் கேக்கக் கூடாது.”

“அப்ப நாங்க எப்ப சிஸ்டர் குடிக்கறது?”

“எங்கிட்ட சொல்லிட்டு பேன்ட்ரிக்குப் போ. கதவச் சாத்து. உக்காரு. குடி. வா. நாலு நிமிஷம். அது வரைக்கும் உன் மெஷின நான் பாத்துக்கறேன்.”

சொன்னபடியே பார்த்துக்கொள்வார். கேட்பதற்குத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்காமல் இருந்துவிட்டு, எனக்கு நேரமே கிடைப்பதில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன்.

தனலட்சுமி அக்கா கடற்கரைப் பக்கம் மீன் விற்பவர். விடியற்காலையில் கடை போட்டு, ஒன்பதரைக்கெல்லாம் முடித்து, குளித்துவிட்டு, பதினோரு மணி ஷிஃப்ட்டுக்கு வருவார். செவ்வாய், வியாழன், சனி. நான்காவது கட்டில். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் சட்டைப்பையில் காகிதம் வைத்து டிக் போடுவதைப் பார்த்த நாளிலிருந்து நான் ‘லிஸ்ட்டு’.

“நாள் பூரா ஐஸ் பொட்டி பக்கத்துல குந்திகினு கீறேன் லிஸ்ட்டு. கை எல்லாம் தண்ணி. வாய்ல ஒரு சொட்டு இல்ல. இந்தக் கொடும ஆருக்கு வரும் சொல்லு.”

ஆனாலும் ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் உடம்பில் தண்ணீர் தேங்கி அவருக்கு எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியதே இல்லை. பெரிய அதிகாரிகளும் வாத்தியார்களும் நான்கு கிலோ, ஐந்து கிலோ என்று மூச்சு வாங்கிக்கொண்டு வரும்போது, இவர் எடை மேடையில் ஏறி நின்று, “இன்னா சிஸ்டர், பாஸா?” என்பார். அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. தங்கை கன்னிகா ஒரு சிறுநீரகம் தரத் தயாராக இருந்தார். பரிசோதனைகள் பொருந்தியிருந்தன. மாற்று அறுவை சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் குழு இவருடைய கோப்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். சொன்னதைக் கேட்கும் நோயாளியா, கட்டுப்பாட்டை மீறுகிறவரா என்பதை அதில் முக்கியமாகப் பார்ப்பார்கள். எட்டு மாதக் கோப்பு. அதில் பச்சை மையில் ஒரு குறைகூட இல்லை. அது ஒரு திங்கட்கிழமை போவதாக இருந்தது.

அதற்கு முந்தைய வாரம் மழை.

வேளச்சேரிப் பக்கமிருந்து வரும் இரண்டு டெக்னீஷியன்கள் நான்கு நாட்கள் வர முடியவில்லை. திங்கட்கிழமை வர முடியாத நோயாளிகளெல்லாம் புதன்கிழமை சேர்ந்து வந்தார்கள். எனக்கு ஆறு மெஷின். ரெஜினா சிஸ்டரே நான்கு மெஷின் பார்த்தார். இதுதான் நான் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வாரம் என்று முடிவு செய்தேன். ஒரு டிக்கும் விடக் கூடாது. பாண்டி பஜாரில் வாங்கிய ரோஜா நிற பாட்டில் ஒன்று வீட்டில் இருந்தது. பக்கவாட்டில் மணிக்கொரு கோடு. கோட்டுக்கு நூற்றைம்பது மில்லி. அதை ஹாலுக்குள் கொண்டுவந்து, நான்காவது கட்டிலின் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். பேன்ட்ரிக்குப் போய் வரும் நான்கு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை தனலட்சுமி அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

“இன்னா லிஸ்ட்டு இது? கோடு கோடா கீது?”

“மணிக் கணக்கு அக்கா. மறக்காம தண்ணி குடிக்கறதுக்கு.”

“தண்ணி குடிக்கறது மறந்து பூடுமா?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு, “சரி, குடி. மூஞ்சி வாடிகீது. சிஸ்டர் அந்தாண்ட கீறாங்க, சீக்கிரம் குடி” என்றார்.

“உங்க முன்னாடி எப்படிக்கா…”

“பரவால்ல, நான் பாத்துகினாவது இருக்கேன். சினிமா மாரி.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. பாதி திரும்பி நின்று நான்கு மடக்கு குடித்தேன். மூடியை இறுக்கிக்கொண்டே அவரைப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்னோடு சேர்ந்து அவரும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்த பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. அவரே எனக்குக் கடிகாரமானார். “லிஸ்ட்டு, ஒரு மணி ஆவுது. உன் கோடு காத்துகினு கீது.” தாகத்தில் இருந்தவர் எனக்கு நேரம் சொன்னார்; நான் குடித்தேன்; டிக் போட்டேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக் கோடு வரை குடித்து, பாட்டிலை அவருடைய கட்டில் மேசையில் வைத்தபோது ஆறாவது மெஷின் கத்தியது. அங்கிருந்த பெரியவருக்கு ரத்த அழுத்தம் சரிந்திருந்தது. கால்களை உயர்த்தி, சலைன் ஏற்றி, நீர் இறக்குவதை நிறுத்தி, முகத்தில் நிறம் திரும்பும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். பாட்டிலில் தண்ணீர் இரண்டு மணிக் கோட்டில் நின்றது.

இரண்டு கோடு. முந்நூறு மில்லி. தனலட்சுமி அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். உதடு ஈரமாக இருந்தது.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். டயாலிசிஸ் நடக்கும்போது நோயாளி எது குடித்தாலும் நேரம், அளவு இரண்டையும் தாளில் குறிக்க வேண்டும். பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். இறக்க வேண்டிய நீரின் அளவைக் கூட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. முந்நூறு மில்லியில் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் குறித்தால், ஹாலுக்குள் பாட்டில் எப்படி வந்தது என்ற கேள்வி வரும். நான் பாட்டிலைப் பேன்ட்ரிக்குக் கொண்டுபோய் என் பைக்குள் வைத்தேன்.

மூன்று மணிக்கு எடை. வரும்போது ஐம்பத்தாறு புள்ளி இரண்டு. இறக்கிய அளவுப்படி போகும்போது ஐம்பத்து நான்கரை இருக்க வேண்டும். மேடை ஐம்பத்து நான்கு புள்ளி எட்டு காட்டியது.

“செருப்பக் கழட்டிட்டு இன்னொரு தடவ ஏறு தனலட்சுமி,” என்றார் ரெஜினா சிஸ்டர். அதே எண். “முந்நூறு கிராம் எங்கேர்ந்து வந்துச்சு?”

தனலட்சுமி அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் மேடையின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“குடிச்சேன் சிஸ்டர்.”

“ஹாலுக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு?”

மறுபடியும் என்னைப் பார்த்தார். பதில் சொல்லுமுன் பத்து வரை எண்ண வேண்டும் என்பது என் ஆறாவது வரி. எண்ணினேன். சத்தியமாக எண்ணினேன். ஏழு என்னும்போது அவர் சொன்னார்:

“என் பையில இருந்திச்சி.”

பத்து வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரெஜினா சிஸ்டர் பேனாவைத் திறந்தார். ‘நோயாளி டயாலிசிஸ் நடக்கும்போது, மறைத்துக் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். கட்டுப்பாடு பற்றி மீண்டும் எடுத்துச் சொல்லப்பட்டது.’ பச்சை மையில் இரண்டு வரி.

அன்று மழை விட்டிருந்தது. குளத்தைச் சுற்றி ஒரு சுற்று நடந்தேன். ஒரு முழம் மல்லி வாங்கினேன். ஒன்பதாவது வரிக்காக நோட்டில் எழுதினேன்: ‘தனலட்சுமி அக்கா தண்ணீர் குடித்துவிட்டார். அது அவருடைய முடிவு.’ நோட்டை மூடினேன். ஒன்பது டிக். நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்காகத்தான் நான் மிகவும் வெட்கப்படுகிறேன்.

திங்கட்கிழமை கோப்பு போனது. வியாழக்கிழமை பதில் வந்தது: நான்கு மாதம் நீர்க் கட்டுப்பாட்டைக் கவனித்துவிட்டு மீண்டும் அனுப்பவும். அன்று கன்னிகாவும் வந்திருந்தார். அக்காவின் கட்டில் முன்னால் நின்று ஹாலே கேட்கும்படி கத்தினார்.

“உனக்கோசரம் நான் வயித்தக் கிழிச்சிக்க ரெடியா கீறேன். நீ ஒரு வாய் தண்ணிய அடக்க முடியலன்ற. இன்னா பொம்பள நீ?”

“வுடு கன்னி. தப்புதான்,” என்றார் தனலட்சுமி அக்கா. “நாலு மாசந்தானே. ஓடிப்பூடும்.”

நான் இரண்டாவது மெஷினில் குழாய்களுக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி எதுவும் இல்லை. ஆனாலும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

நான்கு மாதம் என்பது பதினேழு வாரம். ஐம்பத்தொரு டயாலிசிஸ். ஒன்றுக்கு இரண்டு ஊசி, நூற்றிரண்டு. பேனா முனை அளவு தடிமனான ஊசி. அதில் முப்பத்தெட்டு என் கையால் போட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் கையை நீட்டி, “மெதுவா லிஸ்ட்டு” என்பார். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ரெஜினா சிஸ்டர் பத்தடி தூரத்தில்தான் இருப்பார். பிளாஸ்திரி ஒட்டியதும் நினைப்பு போய்விடும். பாட்டிலை மட்டும் அதன் பிறகு நான் ஹாலுக்குள் கொண்டுவரவில்லை. பேன்ட்ரிக்குப் போய்க் குடித்தேன். அதற்கும் டிக் போட்டேன்.

அந்த நான்கு மாதமும் அவர் இரண்டு கிலோவைத் தாண்டவில்லை. கோப்பு மறுபடி போனது, அனுமதி வந்தது. கடைசி டயாலிசிஸ் முடிந்து அவர் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போன பிறகு, நான் ரெஜினா சிஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், கோடு, முந்நூறு மில்லி, பத்து வரை எண்ணியது.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

“இப்ப எதுக்கு இத எங்கிட்ட சொல்ற?”

“மனசு கேக்கல சிஸ்டர்.”

“நாலு மாசம் கேட்டுச்சில்ல?” குரல் அப்போதும் உயரவில்லை. “இது யாருக்காக உமா? அந்தம்மாவுக்கா? அவங்களுக்கு இதனால இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்ல. நீ நல்லாத் தூங்கறதுக்கா?”

அவர் எழுந்துபோய்ப் பழைய கோப்பை எடுத்துவந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து, பச்சைப் பேனாவை என் கையில் கொடுத்தார்.

“கீழ எழுது. உன் கையெழுத்துல. இனிமே இத யாரும் படிக்கப் போறதில்ல. ஆனா தப்பா இருக்கக் கூடாது.”

எழுதினேன். அவர் பக்கத்தில் கையெழுத்திட்டார். அடுத்த ஒரு மாதம் என்னை யாருக்கும் ஊசி போட விடவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவும் இல்லை. மற்றவர்கள் எனக்கு மணிக்கட்டு வலி என்று நினைத்துக்கொண்டார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

ஆகவே அபிநயா, நீ கேட்டதற்கு இதுதான் என் பதில். லிஸ்ட்டை எடுக்க வேண்டாம். அந்த ஐந்து பேருக்கும் இட்லியும் டீயும் தண்ணீரும் தேவைதான். என் காய்ச்சலும் பொய்யில்லை. மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் மட்டும் இப்படிச் சேர்: ‘ஒருவரிடம் மெஷினை ஒப்படைத்துவிட்டு, பேன்ட்ரியில், கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து.’ ஒப்படைக்க வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதையும் சொல். ஒன்பதாவது வரியை லேமினேஷனைப் பிரித்தாவது அடித்துவிடு. சில பாரங்களை வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் வேண்டும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். வேலையை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனேன். குடைக்குக் கீழே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தனலட்சுமி அக்கா. மீனைத் தங்கை வெட்டிக்கொண்டிருந்தார். இவர் விலை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோடு போட்ட பாட்டில் ஒன்று, நீல நிறம்.

“மூணு லிட்டரு குடிக்கச் சொல்லிகீறாங்க லிஸ்ட்டு. புது கிட்னிக்கு. உன்ன நெனச்சிகினேதான் பாண்டி பஜார்ல வாங்கினேன்.”

நான் அங்கேயே, மீன் தண்ணீர் ஓடும் தரையில் குனிந்து உட்கார்ந்து சொன்னேன். “அக்கா, அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்.”

கன்னிகாவின் கத்தி நின்றது. தனலட்சுமி அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லுவன்னுதான் நான் அப்டி சொன்னேன். எடுத்த எடுப்புல உன் வேலைக்கு வேட்டு வெக்க வேணாம்னு. அப்பால நீயே சிஸ்டரான்ட சொல்லிடுவன்னு பாத்தேன். ஊசி போட வருவ பாரு, ஒவ்வொரு தபாவும், இன்னிக்கு சொல்லிடுவா, இன்னிக்கு சொல்லிடுவான்னு உன் மூஞ்சியவே பாத்துகினு இருப்பேன்.” முகக்கவசத்தை இறக்கினார். “டைம் இன்னா?”

“பன்னண்டு ஆகப் போகுதுக்கா.”

கோட்டைப் பார்த்து, அது வரை குடித்தார். பிறகு பாட்டிலைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“குடி. வெயில்ல வந்துகீற.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணாந்து குடித்தேன். குடித்துக்கொண்டே, என்னை அறியாமல், அவருடைய தொண்டையைப் பார்த்தேன். அது அசையவில்லை.